பிரிட்டனில் ஆன்லைன் சூதாட்ட நிறுவனங்களின் கம்ப்ளையன்ஸ் வேலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லண்டன், லீட்ஸ், ஸ்டோக், ஜிப்ரால்டர் போன்ற ஊர்களில் ஆன்லைன் சூதாட்ட நிறுவனங்களின் கம்ப்ளையன்ஸ் பிரிவில், அதாவது சட்டமும் உரிம நிபந்தனைகளும் பின்பற்றப்படுகின்றனவா என்று பார்க்கும் பிரிவில், சேர்ந்திருப்பவர்களுக்கும் சேர நினைப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். பிரிட்டன் சட்டத்தை மட்டுமே எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு நாட்டு விதியும் வேறு. எல்லாவற்றையும் கலந்தால் குழப்பம்தான் மிஞ்சும். கேள்விகள் பல இருந்தாலும் நான் சொல்ல வருவது ஒன்றுதான். வாடிக்கையாளர் போடும் பணம் யாருடையது, எங்கிருந்து வந்தது என்பதைப் பணம் உள்ளே வருவதற்கு முன்னால் கேட்க வேண்டும். தோற்று முடித்த பிறகு கேட்பதால் யாருக்கும் பயனில்லை.

நிறுவனம் ஜிப்ரால்டரிலோ மால்டாவிலோ இருந்தால் பிரிட்டன் உரிமம் தேவையா?

தேவை. 2014 நவம்பர் 1 முதல், நிறுவனம் எங்கே இருக்கிறது என்பதைவிட வாடிக்கையாளர் எங்கே இருக்கிறார் என்பதே முக்கியம். பிரிட்டனில் இருக்கும் ஒருவருக்கு ஆன்லைனில் பந்தயமோ காசினோவோ நடத்தினால் சூதாட்டத்தைக் கட்டுப்படுத்தும் பிரிட்டன் அமைப்பான கேம்பிளிங் கமிஷனின் உரிமம் வேண்டும். அதற்கு முன்பு ஜிப்ரால்டர், மால்டா, ஆல்டர்னி உரிமங்களை வைத்துக்கொண்டே பிரிட்டன் சந்தையில் தொழில் செய்ய முடிந்தது. அடிப்படைச் சட்டம் 2005ஆம் ஆண்டு சூதாட்டச் சட்டம். அதன் பெரும்பகுதி வட அயர்லாந்துக்குப் பொருந்தாது, அங்கே தனிச் சட்டம் இருக்கிறது. புதிதாகச் சேர்பவர்கள் பலர் இதைக் கவனிப்பதில்லை.

தலைமையகம் இருக்கும் நாட்டின் பெயரும் வேலையில் வந்து நிற்கும். சர்வதேச நிதி நடவடிக்கைக் குழுவான எஃப்.ஏ.டி.எஃப். 2021 ஜூனில் மால்டாவைத் தன் சாம்பல் பட்டியலில், அதாவது குற்றப் பணத்தைத் தடுப்பதில் குறை இருப்பதால் கண்காணிக்கப்படும் நாடுகளின் பட்டியலில், சேர்த்து 2022 ஜூனில் எடுத்தது. ஜிப்ரால்டர் 2022 ஜூன் முதல் 2024 பிப்ரவரி வரை அதே பட்டியலில் இருந்தது. அந்தக் காலத்தில் அங்கிருந்த நிறுவனங்களிடம் வங்கிகள் கூடுதல் கேள்வி கேட்டால் அது இயல்பானதே.

பணத்தை வெள்ளையாக்குவதைத் தடுக்கும் சட்டம் எல்லா சூதாட்ட நிறுவனத்துக்கும் ஒன்றுதானா?

இல்லை. 2017 ஜூன் 26 அன்று நடைமுறைக்கு வந்த பணமோசடித் தடுப்பு விதிகள் சூதாட்ட நிறுவனங்களில் காசினோக்களை மட்டுமே நேரடியாகக் கட்டுப்படுத்துகின்றன. (பணமோசடி என்று இங்கே சொல்வது குற்றப் பணத்தை வெள்ளையாக்குவதை.) ஆன்லைன் காசினோவும் இதில் அடக்கம். குதிரைப் பந்தயம், கால்பந்து பந்தயம், பிங்கோ ஆகியவற்றை மட்டும் நடத்துபவர்கள் அந்த விதிகளுக்குள் வரமாட்டார்கள்.

"அப்படியென்றால் எங்களுக்குக் கவலை இல்லை" என்று பந்தய நிறுவனம் சொல்ல முடியாது. குற்றத்தால் வந்த சொத்து பற்றிய 2002ஆம் ஆண்டுச் சட்டமும் 2000ஆம் ஆண்டு பயங்கரவாதத் தடுப்புச் சட்டமும் எல்லோருக்கும் பொருந்தும். 2002 சட்டத்தின்படி, குற்றத்தில் வந்த பணம் என்று தெரிந்தோ சந்தேகித்தோ அதைக் கையாண்டால் 14 ஆண்டு வரை சிறை. அதோடு கமிஷனின் உரிம நிபந்தனைகளும் இருக்கின்றன. தன் தொழிலில் பணமோசடி எந்த வழியில் நுழையக்கூடும் என்று ஒவ்வொரு நிறுவனமும் எழுத்தில் மதிப்பிட வேண்டும், ஆண்டுக்கு ஒருமுறையாவது அதைத் திருத்த வேண்டும். இந்த மதிப்பீட்டை எங்கிருந்தோ எடுத்து, பெயரை மட்டும் மாற்றி வைத்திருந்தால் ஆய்வில் நிற்காது. உங்கள் தளத்தில் போக்கர் இருக்கிறதா, எந்த வழிகளில் பணம் கட்டலாம், எந்த நாட்டு வாடிக்கையாளர்கள் வருகிறார்கள் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும்.

ஆன்லைனில் பணத்தை எப்படி வெள்ளையாக்குகிறார்கள்?

மிகப் பழைய வழி, பணத்தைப் போட்டு கொஞ்சம் ஆடிவிட்டு மீதியை எடுத்துக்கொள்வது. வங்கிக் கணக்கில் சூதாட்ட நிறுவனத்தின் பெயரோடு பணம் வந்து விழும். கேட்டால் ஜெயித்த பணம் என்று சொல்லிவிடலாம். அதனால்தான், முடிந்தவரை எந்தக் கார்டிலிருந்து அல்லது கணக்கிலிருந்து பணம் வந்ததோ அதற்கே திருப்பி அனுப்ப வேண்டும் என்பது இந்தத் தொழிலில் ஒரு முக்கியக் காவல்.

ஆடியது போல் காட்டுவதற்கும் வழி உண்டு. ஒரே போட்டியில் இரண்டு பக்கமும் இரண்டு அக்கவுண்டில் பந்தயம் கட்டுவார்கள். ரூலெட்டில் சிவப்பிலும் கறுப்பிலும் சமமாக வைப்பார்கள். இழப்பு சிறிதாக இருக்கும். பணம் "ஆடிய பணம்" ஆகிவிடும். போக்கரில் ஒருவர் வேண்டுமென்றே இன்னொருவரிடம் தோற்றுப் பணத்தைக் கைமாற்றுவார். நல்ல சீட்டு கையில் இருக்கும்போதெல்லாம் ஒருவர் அதே ஆளிடம் ஆட்டத்தை விட்டுக்கொடுத்தால் சந்தேகப்பட வேண்டும்.

கையில் ரொக்கம் வைத்திருப்பவர்கள் கடையில் வாங்கும் வவுச்சர், ப்ரீபெய்ட் கார்டு வழியாக உள்ளே வருவார்கள். பினாமி அக்கவுண்ட்டும் பெரிய தொல்லை. மாணவர்களிடமும் பணமுடையில் இருப்பவர்களிடமும் சிறு தொகை கொடுத்து அவர்கள் பெயரில் கணக்குத் திறந்து, வேறு ஒருவர் ஆடுவார். பல பெயர்கள் ஒரே சாதனத்திலிருந்தோ ஒரே ஐ.பி. முகவரியிலிருந்தோ உள்ளே வருவது, புதிதாகச் சேர்ந்த இருபது வயதுக்காரர் பழகிய கையைப் போல ஆடுவது, எல்லோரும் ஒரே மாதிரி மின்னஞ்சல் முகவரி வைத்திருப்பது ஆகியவை இதன் அடையாளங்கள்.

ஆள் எல்லாவற்றையும் தோற்றுவிட்டார். பிறகு எப்படி அது பணமோசடி?

பலருக்கு வரும் கேள்வி இது. என் அனுபவத்தில் மிக முக்கியமான கேள்வியும் இதுதான். வெள்ளையாக்குவது என்றால் பணம் திரும்பி வர வேண்டும் என்று நினைக்கிறோம். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. குற்றத்தில் வந்த பணத்தைப் பெறுவது, வைத்திருப்பது, பயன்படுத்துவது எல்லாமே குற்றம்தான். வேலை செய்யும் இடத்தில் கணக்கைத் திருத்திப் பணம் எடுத்து, அதை இரவெல்லாம் ஸ்லாட் விளையாட்டில் தொலைப்பவர் எதையும் வெள்ளையாக்க நினைக்கவில்லை. ஆனாலும் அந்தப் பணம் திருட்டுப் பணம். அதை வாங்கி வைத்திருப்பது உங்கள் நிறுவனம்.

இந்தத் தொழிலில் அடிக்கடி பார்ப்பதும் இதைத்தான். கூடவே அந்த ஆள் சூதாட்டத்துக்கு அடிமையானவராகவும் இருப்பார். அதனால் குற்றப் பணத்தைத் தடுக்கும் குழுவும் வாடிக்கையாளர் பாதுகாப்புக் குழுவும் தனித்தனி அறையில் இருக்கும் நிறுவனங்களில் இரண்டு பேரும் பாதி உண்மையைத்தான் பார்க்கிறார்கள். ஒருவர் "சம்பளத்துக்கு மீறி ஆடுகிறார், உதவி தேவை" என்று குறிப்பு எழுதுவார். இன்னொருவர் "கார்டு சரி, பெயர் சரி" என்று விட்டுவிடுவார். இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் பணம் யாருடையது என்ற கேள்வி எழும். பாதிக்கப்படுவது யார் என்றும் யோசிக்க வேண்டும். அந்தப் பணம் ஒரு சிறு கடையின் சம்பளப் பணமாக இருக்கலாம், ஒரு மூதாட்டியின் சேமிப்பாக இருக்கலாம்.

புதிய வாடிக்கையாளரிடம் எப்போது எதைக் கேட்க வேண்டும்?

பெயர், முகவரி, பிறந்த தேதி ஆகியவற்றைச் சரிபார்த்த பிறகுதான் ஆட விட வேண்டும். 2019 மே 7 வரை வயதைச் சரிபார்க்க 72 மணி நேர அவகாசம் இருந்தது, இப்போது இல்லை. பெரும்பாலும் வாக்காளர் பட்டியல், கடன் தகவல் நிறுவனங்கள் வழியாக மின்னணு முறையில் சில நொடிகளில் முடிந்துவிடும். பொருந்தாதவர்களிடம்தான் பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம் கேட்கிறார்கள்.

காசினோவுக்கு, 2017 விதிகளில் 2000 யூரோ என்ற எல்லை இருக்கிறது. ஒரே தடவையிலோ, ஒன்றோடொன்று தொடர்புடைய பல தடவைகளிலோ அந்த அளவைத் தொட்டால் முழுமையான வாடிக்கையாளர் சோதனை வேண்டும். பல நிறுவனங்கள் கணக்குத் திறக்கும்போதே இதைச் செய்துவிடுகின்றன. அதுதான் நல்லது.

பணம் போடும்போது எதையும் கேட்காமல், ஜெயித்துப் பணம் எடுக்க வரும்போது மட்டும் ஆவணம் கேட்கும் வழக்கம் முன்பு பரவலாக இருந்தது. முன்பே கேட்டிருக்கக்கூடிய தகவலைப் பணம் எடுக்கும்போது நிபந்தனையாக வைக்கக்கூடாது என்று இப்போது உரிம நிபந்தனையே சொல்கிறது. புதிதாகச் சந்தேகம் எழுந்தால் அப்போது கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். கிரெடிட் கார்டில் சூதாடுவது 2020 ஏப்ரல் 14 முதல் தடை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

பணத்தின் மூலம், செல்வத்தின் மூலம்: இரண்டும் ஒன்றுதானே?

வேறு வேறு. இந்த மாதம் போட்ட 5000 பவுண்டு எங்கிருந்து வந்தது என்பது பணத்தின் மூலம். இந்த ஆள் மொத்தத்தில் எப்படி இவ்வளவு வசதியானார் என்பது செல்வத்தின் மூலம். பெரிய தொகைகளுக்கு இரண்டும் தேவைப்படும். வீடு விற்றேன் என்பார். சரி, விற்பனைப் பத்திரம் இருக்கிறதா, அந்தப் பணம் எந்தத் தேதியில் எந்தக் கணக்கில் வந்தது, அங்கிருந்துதான் நம்மிடம் வந்ததா என்று கடைசிவரை தொடர வேண்டும். நிறுவனம் நடத்துகிறேன் என்றால் கம்பெனீஸ் ஹவுஸ் இணையதளத்தில் கணக்கு விவரம் இலவசமாகக் கிடைக்கும். வீட்டு உரிமையை நிலப் பதிவேட்டில் பார்க்கலாம்.

இதில் தவறு நடக்கும் இடங்கள் சில உண்டு. வங்கி அறிக்கையைக் கேட்டு வாங்கிக் கோப்பில் வைப்பார்கள். யாரும் படிக்க மாட்டார்கள். அதைத் திறந்து பார்த்தால் சம்பளம் 2000 பவுண்டு என்றும், நான்கு கடன் நிறுவனங்களிலிருந்து பணம் வந்திருக்கிறது என்றும், வேறு மூன்று சூதாட்டத் தளங்களுக்கும் போயிருக்கிறது என்றும் எழுதியிருக்கும். அந்தக் காகிதத்தை வாங்கி வைத்ததால் நிறுவனத்தின் நிலைமை மோசமாகிறது: விவரம் கையில் இருந்தும் ஒன்றும் செய்யவில்லை என்றாகிவிடும். இன்னொன்று, வாடிக்கையாளர் தொலைபேசியில் சொன்னதை அப்படியே எழுதிக்கொள்வது. "கட்டடத் தொழில் செய்கிறாராம்" என்பது ஆதாரம் ஆகாது. சம்பளச் சீட்டை பி.டி.எஃப்.இல் திருத்துவதும் சகஜம். வரித் தொகையும் மொத்தத் தொகையும் ஒன்றுக்கொன்று பொருந்துகிறதா என்று ஒருமுறை கூட்டிப் பாருங்கள்.

பதில் வரும்வரை என்ன செய்வது? கணக்கை நிறுத்தி வைக்க வேண்டும். ஆவணம் கேட்டு மின்னஞ்சல் அனுப்பிவிட்டு, மூன்று வாரம் டெபாசிட்டை வாங்கிக்கொண்டே இருப்பது கேட்காததற்குச் சமம்.

எத்தனை பவுண்டு வந்தால் சோதிக்க வேண்டும்? ஒரு எண் சொல்லுங்கள்.

எல்லோருக்கும் பொதுவான எண் எதுவும் இல்லை. உங்கள் நிறுவனத்தின் ஆபத்து மதிப்பீட்டிலிருந்து அது வர வேண்டும். ஆனால் எந்த அளவு தாண்டியும் கேட்காமல் இருந்தால் தண்டனை வரும் என்பதற்குப் பொதுவில் பதிவான உதாரணங்கள் நிறைய இருக்கின்றன.

2023 மார்ச்சில் வில்லியம் ஹில் குழும நிறுவனங்கள் மொத்தம் 1.92 கோடி பவுண்டு கட்டின. புதிதாகக் கணக்குத் திறந்த ஒருவர் 20 நிமிடத்தில் 23,000 பவுண்டு செலவழித்திருக்கிறார், எந்தச் சோதனையும் இல்லை. இன்னொருவர் ஒரே மாதத்தில் 70,134 பவுண்டு இழந்திருக்கிறார். உரிமத்தையே நிறுத்தி வைக்கலாமா என்று கமிஷன் தீவிரமாக யோசித்தது. 2022 ஆகஸ்டில் என்டெய்ன் 1.7 கோடி பவுண்டு கட்டியது. அந்த வழக்கில் ஒரு வாடிக்கையாளர் 14 மாதத்தில் 7,42,000 பவுண்டு போட்டிருந்தார். இன்னொருவர் அரசு குடியிருப்பில் வசிப்பது தெரிந்தும் ஆறு மாதத்தில் 1,86,000 பவுண்டு வாங்கியிருந்தார்கள். 2020 மார்ச்சில் பெட்வே 1.16 கோடி பவுண்டு கட்டியது. நான்கு ஆண்டுகளில் ஒரே ஆள் 80 லட்சம் பவுண்டுக்கு மேல் போட்டு, 40 லட்சத்துக்கு மேல் தோற்றிருந்தார்.

இந்த அறிக்கைகளைக் கமிஷன் தன் தளத்தில் வெளியிடுகிறது. புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு நான் முதலில் படிக்கச் சொல்வது இவற்றைத்தான். சட்டப் புத்தகத்தைவிட வேகமாகப் புரியும். ஒவ்வொன்றையும் படிக்கும்போது, எந்த நாளில் எந்த எண்ணைப் பார்த்து யார் நிறுத்தியிருக்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். நிறுவனம் வைத்திருந்த எல்லைகள் மிக உயரமாக இருந்தன என்பதே திரும்பத் திரும்ப வரும் காரணம். வருமானம் தெரியாத ஒருவருக்குப் பல்லாயிரம் பவுண்டு வரை சோதனை வேண்டாம் என்று முடிவெடுத்தது யார், எந்தக் கணக்கில் என்று கேட்டால் பதில் இருக்காது.

150 பவுண்டு சோதனை என்கிறார்களே, அது இதுதானா?

அது வேறு. 30 நாளில் ஒருவர் நிகரமாகப் போடும் தொகை 150 பவுண்டைத் தாண்டினால், அவர் பணக் கஷ்டத்தில் இருக்கிறாரா என்று பொதுப் பதிவுகளில் பார்க்க வேண்டும்: திவால் உத்தரவு, கடன் தொடர்பான நீதிமன்றத் தீர்ப்பு போன்றவை. 2024 ஆகஸ்ட் 30 அன்று 500 பவுண்டில் தொடங்கி, 2025 பிப்ரவரி 28 முதல் 150 ஆனது. வாடிக்கையாளரிடம் எந்தக் காகிதமும் கேட்பதில்லை. இது ஆளைப் பாதுகாக்கும் சோதனை. பணம் எங்கிருந்து வந்தது என்பதற்குப் பதில் தராது. ஆனால் இதில் சிவப்பு விளக்கு எரிந்த பிறகும் அதே ஆள் ஆயிரக்கணக்கில் போட்டால், அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்று உடனே கேட்டே ஆக வேண்டும்.

வி.ஐ.பி. வாடிக்கையாளர்களுக்கு விதிவிலக்கு உண்டா?

கிடையாது. அவர்களிடம்தான் கூடுதல் கவனம் தேவை. 2020 அக்டோபர் 31 முதல், ஒருவரை வி.ஐ.பி. திட்டத்தில் சேர்ப்பதற்கு முன்பே அவரால் அந்தச் செலவைத் தாங்க முடியுமா, பணம் எங்கிருந்து வருகிறது என்று சரிபார்க்க வேண்டும். கமிஷனிடம் தனிநபர் உரிமம் வைத்திருக்கும் ஒரு மூத்த அதிகாரி அந்தத் திட்டத்துக்குப் பொறுப்பேற்க வேண்டும். கால்பந்து டிக்கெட்டும் போனஸும் தந்து நண்பரைப் போலப் பழகும் மேலாளரே அவரிடம் வருமானச் சான்றும் கேட்க வேண்டும் என்ற ஏற்பாடு வேலைக்கு ஆகாது. கேட்பது வேறு ஆளாக இருக்க வேண்டும்.

சந்தேகம் வந்துவிட்டது. இப்போது என்ன செய்ய வேண்டும்?

நிறுவனத்துக்குள் இதற்கென்று நியமிக்கப்பட்ட அதிகாரி இருப்பார், எம்.எல்.ஆர்.ஓ. என்று அழைப்பார்கள். அவருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். அதோடு உங்கள் சட்டக் கடமை முடிந்தது, பிறகு அவர் பொறுப்பு. மேலாளரிடம் அனுமதி வாங்கிவிட்டுத்தான் தெரிவிக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். காசினோ போன்ற கட்டுப்படுத்தப்பட்ட தொழிலில், சந்தேகம் இருந்தும் தெரிவிக்காமல் விட்டால் ஊழியருக்கே 5 ஆண்டு வரை சிறை.

எவ்வளவு சந்தேகம் போதும் என்று கேட்பார்கள். 2006இல் டா சில்வா வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதற்கு ஓர் அளவு சொன்னது: வெறும் கற்பனை என்று தள்ளிவிட முடியாத அளவுக்கு ஒரு சாத்தியம் இருப்பதாக நினைத்தால் போதும். நிரூபணம் தேவையில்லை. காவல்துறை வேலையை நீங்கள் செய்யத் தேவையில்லை.

அந்த அதிகாரி பரிசீலித்து, சரி என்று பட்டால் தேசியக் குற்றத்தடுப்பு முகமையான என்.சி.ஏ.வுக்குச் சந்தேக அறிக்கை அனுப்புவார். அதுதான் எஸ்.ஏ.ஆர். கணக்கில் இருக்கும் பணத்தைத் திருப்பித் தர வேண்டிய நிலை என்றால் இன்னொரு படி உண்டு. சந்தேகத்துக்குரிய பணத்தை அனுப்புவதே குற்றமாகலாம் என்பதால், முன்கூட்டியே என்.சி.ஏ.விடம் சட்டப் பாதுகாப்பு, அதாவது ஒப்புதல், கேட்க வேண்டும். அவர்களுக்கு 7 வேலை நாள் அவகாசம். அதற்குள் மறுப்பு வரவில்லை என்றால் ஒப்புதல் கிடைத்ததாகக் கொள்ளலாம். மறுத்தால் 31 நாள் காத்திருக்க வேண்டும். நீதிமன்றம் அதை நீட்டிக்கலாம்.

அந்த ஒப்புதல் பணம் சுத்தமானது என்ற சான்றிதழ் அல்ல. அந்த ஒரு பரிமாற்றத்துக்காக உங்கள் மேல் வழக்கு வராது, அவ்வளவுதான். அதே வாடிக்கையாளரைத் தொடர்ந்து ஆட விட்டு, ஒவ்வொரு தடவையும் ஒப்புதல் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. உறவை முறிக்க வேண்டுமா என்ற முடிவு நிறுவனத்துடையது. என் கருத்தில், இரண்டாவது அறிக்கை எழுதும் நிலை வந்தாலே அந்தக் கணக்கு திறந்திருக்கக்கூடாது.

அறிக்கையை எழுதும் விதமும் முக்கியம். "சந்தேகத்துக்குரிய நடவடிக்கை காணப்பட்டது" என்று ஒரு வரி எழுதினால் படிக்கும் அதிகாரிக்கு ஒன்றும் புரியாது. யார், எப்போது, எவ்வளவு, எந்தக் கணக்கிலிருந்து, நீங்கள் என்ன கேட்டீர்கள், அவர் என்ன சொன்னார், ஏன் நம்பவில்லை என்று தேதி வரிசையில் எழுதுங்கள். கார்டின் கடைசி எண்கள், சாதன விவரம், ஐ.பி. முகவரி எல்லாம் வேறொரு விசாரணையில் ஒரு குடும்பத்தின் பணத்தைக் கண்டுபிடிக்க உதவலாம்.

வாடிக்கையாளர் "என் பணம் ஏன் வரவில்லை?" என்று கேட்கிறார். என்ன சொல்வது?

இதுதான் வாடிக்கையாளர் சேவையில் இருப்பவர்களுக்கு மிகக் கடினமான கட்டம். உங்களைப் பற்றி அறிக்கை போயிருக்கிறது என்று சொல்வதோ, புரியும்படி ஜாடை காட்டுவதோ குற்றம். கட்டுப்படுத்தப்பட்ட தொழிலில் 2 ஆண்டு வரை சிறை. அதே சமயம் பொய்யும் சொல்லக்கூடாது. "உங்கள் கணக்கு பரிசீலனையில் இருக்கிறது, முடிந்ததும் தெரிவிக்கிறோம்" என்பது போதும். எல்லா வாடிக்கையாளரிடமும் வழக்கமாகக் கேட்கும் ஆவணத்தைக் கேட்பதும் தகவலைக் கசியவிடுவது ஆகாது. சேவைப் பிரிவினருக்கு அறிக்கை பற்றியே தெரியாமல் வைத்திருப்பது இன்னும் நல்லது. தெரியாததைக் கசியவிட முடியாது. வாடிக்கையாளர் குறிப்புப் பகுதியில், எல்லோரும் பார்க்கும் இடத்தில், "எஸ்.ஏ.ஆர். அனுப்பப்பட்டது" என்று எழுதி வைப்பதை எங்கே கண்டாலும் நிறுத்துங்கள். வாடிக்கையாளர் தன் தகவல்களைக் கேட்டு விண்ணப்பிக்கும்போது அதுவும் வெளியே போய்விடும் ஆபத்து இருக்கிறது.

எம்.எல்.ஆர்.ஓ.வாக யார் வேண்டுமானாலும் இருக்கலாமா?

காசினோ நிறுவனத்தில் அந்தப் பொறுப்பில் இருப்பவர் கமிஷனிடம் தனிநபர் மேலாண்மை உரிமம் பெற்றிருக்க வேண்டும். தவறு நடந்தால் அந்த உரிமமும் விசாரணைக்கு வரும். ஆனால் எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அவருடைய கைக்கு இருக்கும் பலம். பெரிய வாடிக்கையாளரின் கணக்கை அவர் மூடச் சொன்னால் விற்பனைத் தலைவர் மாற்ற முடியுமா? மாற்ற முடியும் என்றால் அந்தப் பதவி பெயருக்குத்தான். வேலைக்குச் சேரும்முன் நேர்முகத்திலேயே இதைக் கேளுங்கள்: கடைசியாக எப்போது வருமானம் தரும் ஒருவரின் கணக்கை மூடினீர்கள், யார் முடிவெடுத்தார்கள்?

அரசியல்வாதிகள், தடைப் பட்டியலில் இருப்பவர்கள்?

உயர் பதவியில் இருக்கும் அரசியல்வாதிகள், அவர்கள் குடும்பத்தினர், நெருங்கிய கூட்டாளிகள் ஆகியோருக்குக் காசினோவில் கூடுதல் சோதனை வேண்டும். 2024 ஜனவரி முதல், உள்நாட்டு அரசியல்வாதியைக் குறைந்த ஆபத்து என்ற எண்ணத்தோடு தொடங்க வேண்டும், வேறு ஆபத்து தெரிந்தால் மட்டுமே கூட்ட வேண்டும். தடைப் பட்டியலில், அதாவது அரசு பொருளாதாரத் தடை விதித்தவர்களின் பட்டியலில், இருப்பவரோடு எந்தப் பரிமாற்றமும் கூடாது. எல்லா நிறுவனத்துக்கும் இது பொருந்தும். தமிழ், அரபுப் பெயர்களை ஆங்கிலத்தில் பல விதமாக எழுதுவதால் பொய்ப் பொருத்தங்கள் நிறைய வரும். பிறந்த தேதியையும் நாட்டையும் சேர்த்துப் பார்த்து, பொருந்தவில்லை என்று முடிவு செய்த காரணத்தை எழுதி வையுங்கள்.

எங்கள் உரிமத்தில் வேறொரு நிறுவனத்தின் பெயரில் தளம் நடக்கிறது. பொறுப்பு யாருக்கு?

உரிமம் யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கு. ஒயிட் லேபிள் ஏற்பாட்டில் பெயர்ப் பலகை மட்டும் கூட்டாளியுடையது. வாடிக்கையாளர் சோதனையும் அறிக்கையும் உரிமதாரர் தலையில்தான். அந்தக் கூட்டாளியின் சொந்தக்காரர் யார், அவருக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். விளம்பரம் செய்யும் இடைத்தரகர்களுக்கும் இதே கதைதான்.

பிரிட்டன் உரிமம் இருந்தால் மற்ற நாட்டு வாடிக்கையாளரை ஏற்கலாமா? இந்தியாவிலிருந்து?

பிரிட்டன் உரிமம் பிரிட்டனுக்கு மட்டுமே. வேறு நாட்டில் சட்டவிரோதமாகச் சம்பாதித்த பணம் இங்கேயும் குற்றப் பணமாகப் பார்க்கப்படலாம். என்டெய்ன் குழுமம் முன்பு நடத்திய துருக்கித் தொழில் தொடர்பாக, லஞ்சத்தைத் தடுக்கத் தவறியது குறித்த வழக்கில் 2023 டிசம்பரில் நீதிமன்ற ஒப்புதலோடு 58.5 கோடி பவுண்டு கட்ட ஒப்புக்கொண்டது. மேலே சொன்ன அபராதங்கள் எல்லாம் அதற்குப் பக்கத்தில் சிறியவை.

இந்தியாவில், 2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்ற ஆன்லைன் விளையாட்டுச் சட்டம், பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் திறமையா அதிர்ஷ்டமா என்ற பாகுபாடு இல்லாமல் தடை செய்கிறது. நடத்துபவருக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். விளம்பரம் செய்பவருக்கும் தண்டனை உண்டு. அங்கிருந்து வரும் கணக்குகளை ஐ.பி. முகவரி, தொலைபேசி எண், கார்டு வழங்கிய வங்கி ஆகியவற்றை வைத்துத் தடுக்க வேண்டும். சென்னை, பெங்களூரில் ஆவணச் சோதனைப் பணியை அமைக்க நினைக்கும் நிறுவனங்கள் முதலில் அங்குள்ள வழக்கறிஞரிடம் எழுத்தில் கருத்து வாங்குங்கள்.

அபராதப் பணம் எங்கே போகிறது?

நிறுவனமும் கமிஷனும் உடன்பாட்டுக்கு வந்தால், அந்தத் தொகை சூதாட்டத்தால் வரும் பாதிப்பைக் குறைக்கும் பணிகள் போன்ற சமூக நோக்கங்களுக்குப் போகும். வில்லியம் ஹில் கட்டிய தொகை முழுவதும் அப்படித்தான் போனது. திருட்டுப் பணம் என்று தெரிந்தால், பறிகொடுத்தவரிடம் அதைத் திருப்பித் தரும் ஏற்பாடும் சில உடன்பாடுகளில் இருக்கும்.

நான் வாடிக்கையாளர். இவ்வளவு ஆவணம் கேட்பது நியாயமா?

கேட்க அவர்களுக்குக் கடமை இருக்கிறது. ஆனால் ஏன் கேட்கிறார்கள் என்று பொதுவாகவாவது விளக்க வேண்டும், பாதுகாப்பான வழியில் வாங்க வேண்டும், இழுத்தடிக்கக்கூடாது. முதலில் நிறுவனத்திடம் முறையாகப் புகார் கொடுங்கள். எட்டு வாரத்தில் தீரவில்லை என்றால், ஐபாஸ் போன்ற சுதந்திரமான தீர்ப்பு அமைப்புக்கு இலவசமாகக் கொண்டுபோகலாம். கமிஷன் தனிநபரின் பணத்தை மீட்டுத் தராது, ஆனால் புகாரைத் தகவலாகப் பதிவு செய்துகொள்ளும்.

கோப்புகளை எத்தனை நாள் வைத்திருக்க வேண்டும்?

காசினோ என்றால், வாடிக்கையாளரோடு உறவு முடிந்த தேதியிலிருந்து 5 ஆண்டு. அடையாள ஆவணம், பரிமாற்ற விவரம் ஆகியவற்றோடு, அறிக்கை அனுப்ப வேண்டாம் என்று முடிவெடுத்திருந்தால் அதற்கான காரணத்தையும் வைத்திருக்க வேண்டும். அதை அன்றே, பெயரும் நேரமும் போட்டு எழுதுங்கள். மூன்று ஆண்டு கழித்து விசாரணை அதிகாரி கேட்கும்போது, அந்த முடிவை எடுத்தவர் பெரும்பாலும் வேறு வேலைக்குப் போயிருப்பார்.